கைசர்ஸ்லௌட்டர்னை விட்டுக் கிளம்பும்போது: படைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளம், லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை, ஃபோகல்வே, செம்பாக், பவும்ஹோல்டர். கைசர்ஸ்லௌட்டர்ன் நகரைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்தில் அமெரிக்கப் படையினரும் அவர்கள் குடும்பங்களும் சிவிலியன் ஊழியர்களுமாக ஐம்பதாயிரம் பேர் அளவில் வாழ்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இதைவிடப் பெரிய அமெரிக்க ராணுவச் சமூகம் கிடையாது. அதில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. 2009இல் அமெரிக்க ராணுவம் தொடங்கிய ‘மாவ்னி’ திட்டத்தில், தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் அமெரிக்காவில் இருந்தவர்கள் அந்த வழியாகச் சீருடை போட முடிந்தது. 2016இல் அதில் புதிதாக ஆள் எடுப்பது நின்றுபோனது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்த நம் பிள்ளைகளும், படைவீரரைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரிலிருந்து நேராக இங்கே வந்திறங்கிய பெண்களும் இருக்கிறார்கள்.

வந்து இறங்குகிறவர்களுக்குச் சொல்லித்தர எத்தனையோ பேர். கிளம்புகிறவர்களுக்கு ஒரு சரிபார்ப்புத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். முதல் தடவை கிளம்பும் குடும்பத்துக்கு அந்தத் தாள் போதாது. அதில் எல்லா வேலையும் இருக்கும், எதை முதலில் செய்வது என்பது மட்டும் இருக்காது. சிக்கலே அங்கேதான். இடமாற்ற ஆணை வராமல் சாமான் ஏற்றத் தேதி கிடைக்காது. சாமான் போகாமல் வீட்டைத் துடைத்து ஒப்படைக்க முடியாது. இதற்கெல்லாம் அலையக் கார் வேண்டும். ஆனால் அந்தக் காரையும் கப்பலேற்றக் கொடுத்தாக வேண்டும். இந்த வரிசை பிசகினால் கடைசி வாரம் முழுக்கக் கண்ணீரும் சண்டையுமாகப் போய்விடும். அதனால் வரிசைப்படியே சொல்கிறேன்.

ஆர்டர்ஸ் வந்த அன்று

இடமாற்ற ஆணையை வாங்கிய கையோடு அலமாரியில் வைக்காதீர்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். குடும்பத்தில் எல்லார் பெயரும் இருக்கிறதா, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம் பெயர்களில் அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற குழப்பம் எப்போதும் உண்டு. ஆணையில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் இருந்தால் விமான முன்பதிவில் போய் இடிக்கும். திருத்த ஆணை வாங்க நாளாகும் என்பதால் அன்றைக்கே எழுதிக் கேளுங்கள். தாளில் ஒரு கட்டுப் பிரதிகளும் போனில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பை ரத்து செய்வதிலிருந்து விடுதி அறை வரை எல்லாரும் கேட்பது அதைத்தான்.

மனைவியோ கணவரோ இந்தியக் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் வைத்திருந்தால் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் கிரீன் கார்டை மட்டும் காட்டி அமெரிக்காவுக்குள் நுழைவது பொதுவாகச் சிக்கல். படைவீரரோடு அவர் ஆணையின் பேரில் வெளிநாட்டில் வாழ்ந்த துணைக்கும் பிள்ளைகளுக்கும் இதில் விலக்கு இருக்கிறது. வீரருக்கு முன்போ, அவரோடு சேர்ந்தோ, அவர் போய் நான்கு மாதத்துக்குள்ளோ நுழைய வேண்டும் என்பது அந்த விலக்கின் நிபந்தனை. ‘நீ முதலில் போய் வீடு பார், நான் பிள்ளைகளோடு மதுரையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன்’ என்று திட்டமிடும் குடும்பங்கள் இந்த நான்கு மாதக் கணக்கை மறக்கக் கூடாது. தளத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை தருவார்கள். உங்கள் பெயர் உள்ள ஆணையை எடுத்துக்கொண்டு போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள். குடியுரிமை விண்ணப்பம் நடுவில் இருந்தால் புது முகவரியைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பதும் அந்த வாரத்து வேலைதான்.

இன்னொன்று. ஜெர்மனியில் நீங்கள் வாழ்வது, வெளிநாட்டுப் படையினரும் குடும்பமும் இங்கே தங்க வழிசெய்யும் ‘சோஃபா’ ஒப்பந்தம் தரும் நிலையில். பணி முடிந்தால் அதுவும் முடியும். அதன்பிறகு கொஞ்ச நாள் ஐரோப்பாவைச் சுற்றலாம் என்று அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் திட்டம் போடக் கூடாது. உங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். சுற்றுவதாக இருந்தால் முன்பே சுற்றிவிடுங்கள்.

வழியில் சென்னைக்குப் போய்வர விரும்பினால், டிக்கெட்டை நீங்களாக வாங்குவதற்கு முன் பயண அலுவலகத்தில் பேசுங்கள். விடுப்பும் சுற்றுவழிப் பயணமும் எழுத்தில் அனுமதியாக வேண்டும். கூடுதல் செலவு உங்களுடையது. அனுமதி இல்லாமல் வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வராமலே போகலாம்.

சாமான்கள்

சாமான் மூன்று பங்காகப் போகும். முன்கூட்டி அனுப்பும் சின்னச் சுமை, கப்பலில் போகும் பெரிய சுமை, கையோடு வரும் பெட்டிகள். பதவிக்குத் தக்க எடை வரம்பு உண்டு. மீறினால் கையிலிருந்து கட்ட வேண்டும். கோடைகாலத்தில் ஊரே இடம் மாறுவதால் தேதி கிடைப்பது கடினம். ஆணை வந்த வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். சின்னச் சுமையில் குக்கர், தோசைக்கல், நாலு தட்டு, படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கொஞ்சம் போடுங்கள். புது ஊரில் வெறும் வீட்டில் முதல் சில வாரங்களை ஓட்டுவது அதை வைத்துத்தான்.

நம் வீடுகளுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு: மிக்சியையும் கிரைண்டரையும் என்ன செய்வது? இந்தியாவிலும் ஜெர்மனியிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் இங்கே பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடியது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மிக்சியைப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம். ஆனால் 750 வாட் மிக்சிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதைத் தூக்கி வைப்பதே ஒரு வேலை. கிரைண்டர் நிலைமை வேறு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றிச் சூடாகும். என் யோசனை: இரண்டையும் இங்கேயே இருக்கப்போகும் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 110 வோல்ட்டுக்கென்றே செய்த மிக்சியும் கிரைண்டரும் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. போன், மடிக்கணினி சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. ஜெர்மனியில் வாங்கிய வாக்குவம் கிளீனர், ஹீட்டர், காபி இயந்திரம் எல்லாம் இங்கேயே விற்க வேண்டியவை.

அடுத்தது கறிவேப்பிலை. தொட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுக்க ஜன்னலோரம் காப்பாற்றிய செடியைக் கொண்டுபோக முடியாது. எலுமிச்சை இனப் பயிர்களுக்கு வரும் நோயையும் பூச்சியையும் காரணம் காட்டி, பச்சைக் கறிவேப்பிலையையே அமெரிக்கா உள்ளே விடுவதில்லை. மண்ணும் கூடாது. ஃபெல்ட்சர் காட்டில் நடந்து சேறு ஒட்டிய காலணி, கூடாரம், சைக்கிள் டயர், தோட்டக் கருவி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து வையுங்கள். சுங்கப் பரிசோதனையில் மண் தட்டுப்பட்டால் அந்தப் பெட்டி நின்றுவிடும். திறந்த மசாலா, எண்ணெய், ஊறுகாய், கேஸ் குப்பி எதையும் மூட்டை கட்டுபவர்கள் எடுக்க மாட்டார்கள். ஆணை வந்த நாளிலிருந்தே சமையலறை அலமாரியைக் காலிசெய்கிற மாதிரி சமையுங்கள், புதிதாகப் பெரிய மூட்டை அரிசி வாங்காதீர்கள். குத்துவிளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துத் துணியில் சுற்றி வையுங்கள்.

மூட்டை கட்ட வருகிறவர்கள் வேகமானவர்கள். கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிவிடுவார்கள், குப்பைக்கூடையைக் குப்பையோடு கட்டிய கதைகள் இங்கே நிறைய. முந்தின இரவே ஒரு அறையைத் தேர்ந்தெடுத்து, போகக் கூடாத பொருட்களை அதில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கடவுச்சீட்டுகள், ஆணை, கிரீன் கார்டு, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பள்ளி, மருத்துவக் கோப்புகள், மாத்திரைகள், வீட்டுச் சாவிகள், வீட்டு ஒப்பந்தம், கார் பத்திரம். தாலி, நகை, வெள்ளிச் சாமான் எதுவும் கப்பலில் போகக் கூடாது, கையோடு வர வேண்டும். பட்டுப்புடவைகளையும் முடிந்தவரை கைப்பெட்டியில் வையுங்கள். தொலைந்தால் அதன் மதிப்பை நிரூபிக்கப் பில் வேண்டும், அம்மாவின் கல்யாணப் புடவைக்குப் பில் எங்கே இருக்கும்? விலை உயர்ந்த மற்ற பொருட்களைப் படம் எடுத்து, எண் இருந்தால் எண்ணோடு, பொருள் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். பட்டியலில் ‘கீறல் உள்ளது’ என்று அவர்கள் எழுதுவதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீடு

தளத்துக்குள் குடியிருந்தால் வீட்டு வசதி அலுவலகத்தின் விதிப்படி சுத்தம் செய்து கொடுத்தால் முடிந்தது. ராம்ஸ்டைனைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஜெர்மன் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருந்தால் கதை வேறு. கடைசி நாட்களில் அதிகப் பணமும் மனக்கசப்பும் புரளும் இடம் இதுதான்.

ஜெர்மன் சட்டப்படி வாடகைக்காரர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். படைவீரர்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலும், இடமாற்ற ஆணை வந்தால் 30 நாளில் விடலாம் என்ற பிரிவு இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். முன்னறிவிப்பை எழுத்தில், ஆணையின் பிரதியோடு, கையெழுத்திட்டுக் கொடுங்கள். வாய்வார்த்தையும் வாட்ஸாப் செய்தியும் போதாது. ஆனால் கடிதம் போவதற்கு முன் நேரில் போய்ச் சொல்லிவிடுவது மரியாதை. மூன்று வருடம் பனியை வாரிக்கொட்டியும் கிறிஸ்துமஸுக்குப் பிஸ்கட் கொடுத்தும் பழகிய மனிதர், காகிதத்தில் முதலில் தெரிந்துகொள்வது அவருக்கு வருத்தமாக இருக்கும்.

சாமான் போவதற்கு முன்பே வீட்டுக்காரரை ஒரு தடவை வரச்சொல்லி, எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும் என்று கேளுங்கள். குடிவந்த அன்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புப் பத்திரம் உங்களிடம் இருக்க வேண்டும். அதையும் பழைய படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசுங்கள். சுவரில் பூஜை அலமாரிக்குப் போட்ட துளையை நீங்களே பூசி வெள்ளை அடித்துவிடலாம், டைல்ஸில் போட்ட துளைக்குத்தான் செலவாகும். நம் சமையலறைகளில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியின் வடிகட்டி, தாளிக்கும் பக்கத்துச் சுவர், மேடையில் மஞ்சள் கறை. வடிகட்டியைச் சுடுதண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்தால் பிசுக்கு போகும், போகாவிட்டால் புதிது வாங்கி மாட்டுங்கள், மலிவுதான். குளியலறை மூலையிலும் படுக்கையறை ஜன்னல் ஓரத்திலும் பூஞ்சை பிடித்திருந்தால் மறைக்கப் பார்க்காதீர்கள். தினமும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுவதை ஜெர்மானியர்கள் வாடகைக்காரரின் கடமையாகவே கருதுகிறார்கள். முன்பே சொல்லி, சரிசெய்யும் வழியைக் கேட்பது நல்லது.

எண்ணெய்ச் சூடேற்றி உள்ள வீடு என்றால் நிலவறைத் தொட்டியில் எண்ணெய் மட்டம் எவ்வளவு என்று இப்போதே பாருங்கள். குடிவந்தபோது இருந்த அளவுக்கு நிரப்பித் தர வேண்டும், அல்லது குறைகிற அளவுக்குப் பணம் தர வேண்டும். சில நூறு யூரோ கடைசி நிமிடத்தில் கேட்டால் திண்டாட்டம்.

ஒப்படைக்கும் நாளில் வீடு முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களை மீட்டர் எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். எல்லாச் சாவிகளையும் எண்ணி, எண்ணிக்கையைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். தபால்பெட்டிச் சாவி, நிலவறைச் சாவி மறந்துபோகும். முன்பணம் சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதில் ஒரு பகுதியைத் தண்ணீர், சூடேற்றல் கணக்கு முடியும்வரை வீட்டுக்காரர் நிறுத்தி வைக்கலாம். அந்தக் கணக்கு ஆண்டு முடிந்து ஒரு வருடத்துக்குள் வரும். எழுதியிருப்பது புரியாத பத்திரத்தில் கையெழுத்து வேண்டாம். வீட்டு வசதி அலுவலகத்தில் ஜெர்மன் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தேதியை முன்கூட்டியே சொல்லி உதவி கேளுங்கள்.

வேண்டாத சோபா, கட்டில் போன்றவற்றைத் தெருவில் வைக்க ஊராட்சியிடம் பெருங்குப்பைத் தேதி வாங்க வேண்டும். அந்தத் தேதிக்கும் காத்திருக்க நேரிடும். இணையம், போன், மின்சாரம், காப்பீடு எல்லாவற்றையும் எழுத்தில், ஆணைப் பிரதியோடு, ஒரு மாதம் முன்னதாக ரத்து செய்யுங்கள். ரத்தானதற்கு உறுதிக் கடிதம் வரும்வரை விடாதீர்கள்.

கார்

அரசுச் செலவில் ஒரு கார் அனுப்பலாம். அது அமெரிக்கத் தரத்தில் செய்த காராக இருக்க வேண்டும். இங்கே வாங்கிய ஐரோப்பியத் தரக் காரை, 25 வருடம் பழையதாக இல்லாவிட்டால், கொண்டுபோவது நடைமுறையில் ஆகாத காரியம். அதைப் புதிதாக வந்திறங்கும் இன்னொரு படைக் குடும்பத்துக்கு விற்பதுதான் எளிது. வரி இல்லாமல் வாங்கிய காரை ஜெர்மானியருக்கு விற்றால் சுங்க வேலை சேர்ந்துகொள்ளும்.

கப்பலேற்றும் காரை உள்ளும் புறமும் அடிப்பக்கமும் கழுவி, டாங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் இல்லாமல் கொண்டுபோக வேண்டும். கார்க் கடன் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும், அது வர வாரங்கள் ஆகும். தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பழுது ஏதாவது பாக்கி இருந்தால் முன்பே சரிசெய்துவிடுங்கள். ஒப்படைத்த ரசீதோடு போய்ப் பதிவை ரத்து செய்தால்தான் காப்பீடு நிற்கும். விற்ற காருக்கும், உடைக்கக் கொடுத்த காருக்கும் இதே கதைதான். உங்கள் பேரில் பதிவு இருக்கும்வரை கிளம்ப அனுமதிச் சீட்டில் முத்திரை விழாது.

கார் போவதற்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம் என்பதால் சீக்கிரம் கொடுக்கத் தோன்றும். கைக்குழந்தை உள்ள வீட்டில், வீடு ஒப்படைக்கும் நாள் வரையாவது ஒரு வண்டி கையில் இருக்கட்டும். வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால் கோடையில் முன்பே பதிவு செய்யுங்கள்.

பள்ளி, மருத்துவம், தபால்

பள்ளிக் கோப்பைக் கையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். படைக் குடும்பப் பிள்ளைகளுக்கான மாநிலங்களிடை உடன்படிக்கை 50 மாநிலங்களிலும் நடைமுறையில் இருப்பதால், நீங்கள் கொண்டுபோகும் அதிகாரபூர்வமற்ற பிரதியை வைத்தே வகுப்பில் சேர்ப்பார்கள். விடுபட்ட தடுப்பூசிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஜெர்மன் மழலையர் பள்ளிக்குப் போகும் குழந்தை என்றால் அங்கேயும் எழுத்தில் முன்னறிவிப்புத் தேவை.

குழந்தை இங்கே ஜெர்மன் மருத்துவமனையில் பிறந்திருந்தால், பன்மொழிப் பிறப்புச் சான்றிதழில் கூடுதல் பிரதிகளை நகராட்சிப் பதிவகத்தில் வாங்கிவிடுங்கள். பின்னாளில் இந்தியத் தூதரகம், அமெரிக்க அலுவலகம் என்று எங்கேயாவது கேட்பார்கள், அப்போது கடல்கடந்து எழுதி வாங்குவது பெரும்பாடு. ஜெர்மன் மருத்துவர்களிடம் பார்த்த சிகிச்சைக் கோப்புகளும் அப்படித்தான்.

கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே இணையக் கடைகளில் வாங்குவதை நிறுத்துங்கள். ராணுவத் தபால்பெட்டியை மூடும்போது புது முகவரி கொடுத்தால் கடிதங்களைத் திருப்பிவிடுவார்கள். ஜெர்மன் கடைகளில் வரி இல்லாமல் வாங்க உதவும் வாட் படிவங்களில் பயன்படுத்தாதவற்றைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நாய் இருந்தால், 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் வரும் நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், இணையப் படிவம் நிரப்ப வேண்டும்.

கடைசிப் பத்து நாள்

வீட்டை விட்டபின் விடுதியில் தங்க வழக்கமாகப் பத்து நாள் வரை தற்காலிகத் தங்கும் படி கிடைக்கும். முதலில் தளத்து விடுதியில் கேட்க வேண்டும். இடமில்லை என்றால் அவர்கள் தரும் சான்றோடு வெளியே தங்கலாம். சமையலறை உள்ள அறை கேளுங்கள், பிள்ளைகளுக்கு ரசம் சாதம் கிடைத்தாலே பாதி அழுகை நிற்கும்.

இந்தப் பத்து நாளில் அலுவலக வேலையைக் காலையில் முடித்து, மாலையை மனிதர்களுக்கு ஒதுக்குங்கள். யூனிட்டில் பிரிவுபசாரம் நடத்துவார்கள். அதைத் தாண்டி, பிரசவத்துக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி, வீரர் வெளியூர்ப் பணிக்குப் போன மாதங்களில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த தோழி, இவர்களை வீட்டில் சாமான் இருக்கும்போதே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிடுங்கள். விடுதி அறையில் அது நடக்காது. அவர்களுக்கும் அடுத்த வருடம் இடமாற்றம் வரும், ராணுவத் தபால் முகவரி செல்லாமல் போகும். அதனால் அவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியையும் சொந்த மின்னஞ்சலையும் வாங்கி வையுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து நண்பர்களிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

ஹம் நகரின் ஊன்ட்ராப்பில் உள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகாமல் இருந்தால், கார் இருக்கும்போதே ஒரு நாள் போய்வாருங்கள். ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில், 2002இல் குடமுழுக்கு நடந்தது. நாலு மணி நேரம் போல வண்டி ஓட்ட வேண்டும். கோபுரத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்காகவே போகலாம்.

ஜெர்மனியில் குடியிருக்கும் ஈழத்தமிழ் நண்பர்களுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போக மனம் துடிக்கும். துணி, பாத்திரம், விளையாட்டுச் சாமான் என்று பழகிய பொருளைக் கொடுப்பது வேறு. தளத்துக் கடையில் வாங்கிய விஸ்கி போன்ற கடும் மது, சிகரெட், காபி ஆகியவை ரேஷன் பொருட்கள். சோஃபா நிலை இல்லாதவருக்கு அவற்றைக் கொடுப்பதும் விற்பதும் குற்றம். நல்லெண்ணத்தில் செய்தாலும் படைவீரரின் பணிப் பதிவில் போய் நிற்கும். வரி இல்லாமல் வாங்கிய டிவி போன்ற பெரிய பொருளுக்கும் ராணுவச் சுங்க அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

விமானமும் அதற்குப் பிறகும்

ராம்ஸ்டைனிலிருந்து பால்டிமோருக்குப் போகும் பேட்ரியட் எக்ஸ்பிரஸ் என்ற ராணுவ வாடகை விமானத்தில் இடம் கிடைத்தால் ஆளுக்கு 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள். ஜெர்மன் வங்கிக் கணக்கைக் கிளம்பும் அவசரத்தில் மூட வேண்டாம். முன்பணத்தின் பாக்கியும் மின்சாரக் கணக்கில் மிச்சமும் அதில்தான் வந்து விழும். இங்கே இருக்கப்போகும் நம்பகமான ஒருவருக்கு, வீட்டு விஷயத்துக்கு மட்டும் என்று வரையறுத்த அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அதையும் சட்ட உதவி அலுவலகமே செய்து தரும்.

சாமான் வந்து சேர்ந்ததும் உடைந்ததையும் தொலைந்ததையும் 180 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முழு மாற்று மதிப்பு, அதாவது அதே பொருளைப் புதிதாக வாங்கும் விலை, கிடைக்க ஒன்பது மாதத்துக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். பிரிக்காத பெட்டிகளைக் கராஜில் அடுக்கிவைத்துவிட்டு வருடக்கணக்கில் மறந்துபோகிற குடும்பங்கள் உண்டு. கண்ணாடி, பீங்கான், மின்சாமான் என்று எழுதிய பெட்டிகளை மட்டுமாவது முதல் மாதத்திலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.